ஒரு மணி நேரம்

தெருவில் வைக்கோலைக் கொளுத்தி மேளத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பூவிழி ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். உள்ளே அப்பா ராஜவேல். மணி இரண்டு. நேற்று இதே நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்தவள் அவள்தான்.

முப்பத்தொரு வருஷம் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த மனுஷன். பகலில் அவர் தூங்கினால் நெல்லித்தோப்பில் அந்தச் சந்தே அடங்கிக் கிடக்கும். வீராம்பட்டினத்து மீன்காரம்மா கூட அவர் வீட்டைத் தாண்டித்தான் குரல் கொடுப்பாள். தும்மல் சத்தத்துக்குப் பயந்து அம்மா அமுதவல்லி மிளகாய் வறுக்கமாட்டாள். ரிட்டயரான பிறகும் அவர் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை.

குடலில் புற்று வந்தபின் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்து, விடிந்ததும் கண்ணயர்ந்தார்.

"இந்த நோய்ல பகலும் ராத்திரியும் மாறிப்போவும். பகல்ல வெளிச்சத்துல உக்கார வைங்க, தூங்க உடாதீங்க" என்றாள் நர்ஸ்.

பூவிழி டீச்சர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிறவி. ஜன்னலைத் திறந்தாள், டிவியை அலறவிட்டாள், கண் மூடும்போதெல்லாம் தோளைத் தட்டினாள்.

"அவரு எப்பவுமே பகல்ல தூங்குற ஆளுடி. அத நர்சம்மாகிட்ட சொன்னியா?" என்று அம்மா கேட்டாள்.

"நீ சும்மா இரும்மா. உனுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நர்ஸ் வேறு வழி காட்டியிருப்பாளோ என்னவோ. நேற்றிலிருந்து அதுதான் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது.

நேற்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் உட்றும்மா, பூவு. ஒரே ஒரு மணி நேரம்."

"இப்ப தூங்குனா ராத்திரி கஷ்டம்பா. இந்தா, டீயக் குடி."

மகள் சொல்லைத் தட்டாமல் குடித்தார். நாலு மணிக்கு உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, அப்போதும் தோளைத் தட்டினாள்.

வெளியே மேளத்தில் முதல் அடி விழுந்தது. பூவிழி வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, நிறுத்துங்க!"

மேளக்காரர் சின்னக்கண்ணு குச்சியை ஓங்கியபடியே நின்றார். "ஏம்மா, யாராச்சும் வரணுமா?"

"இல்லண்ணே. கொஞ்ச நேரம் அடிக்காதீங்க."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மேளத்தைக் கழற்றிப் பந்தல் நிழலில் வைத்தார்.

அவள் உள்ளே வந்தபோது அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள், கொக்கி சத்தம் கேட்காதபடி, விரலைக் கொடுத்து.