செவ்வாய் காலை ஒன்பதரை

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனி ஹாம் நகரை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் அல்பேர்ட் அவர்கள், தமது ஐம்பத்துநான்காவது வயதில், மே மாதம் இரண்டாம் திகதி காலை ஆறு மணியளவில், முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் உதவியாளராகப் பதவியேற்றார்.

பதற வேண்டாம், ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இப்படித் தொடங்கினாலே எங்கள் சனம் மலர்வளையத்துக்குச் சொல்லிவிடும் என்பது தெரியும்.

மாலை, பொன்னாடை ஒன்றும் இல்லை. தலைக்கு ஒரு வலைத்தொப்பி கொடுத்தார்கள். பத்தொன்பது வருடம் பெயின்ற் அடித்த தொழிற்சாலையைப் பூட்டியபிறகு அலைந்து பிடித்த வேலை இது. முதல் ஆறு மாதம் புறோபசைற், அதாவது சோதனைக்காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே இரண்டு கிழமையில் வீட்டுக்கு அனுப்பலாம்.

வேலை இதுதான்: கரட்டை அவித்து, கூழாக அரைத்து, அந்தக் கூழைக் கரட் அச்சில் ஊற்றித் திரும்பவும் கரட்டாக்குவது. விழுங்கக் கஷ்டப்படும் முதியவர்களுக்கு அது. கடவுள் ஒருதரம் செய்ததை அல்பேர்ட் நாளுக்கு எழுபது தரம் செய்தார்.

வீட்டில் மனைவி பிளோறன்ஸுக்கு ஒரு வருடமாக விரல் மூட்டெல்லாம் வீக்கம். காலையில் கை மடங்காது. பொத்தான் பூட்ட ஏலாது, பற்பசை மூடி திறக்க ஏலாது. அல்பேர்ட் நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைத்து, உலையேற்றி, மனைவிக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்கு ஓடுவார்.

"என்னப்பா இது, பின்னலோ, மாடு கட்டுற கயிறோ?"

"அவிழாது. அதுக்கு நான் பொறுப்பு. பேசாமல் இரும்."

எட்டு மாதம் காத்திருந்து மூட்டுவாத டொக்டரிடம் ரெர்மீன் என்கிற சந்திப்பு நேரம் கிடைத்திருந்தது. ஓகஸ்ட் கடைசிச் செவ்வாய், காலை ஒன்பதரை. காரில் கால்மணி நேரம். பிளோறன்ஸின் ஜேர்மன் கடைக்குப் போதும், டொக்டருக்குக் காணாது. அல்பேர்ட் கூடப் போயே ஆகவேண்டும்.

அதே செவ்வாய்க்குத்தான் இல்லத்தின் தலைவி பிறாவ் ஹாகடோர்ன் ஒரு வைபவம் வைத்தார். பெயர் 'மனந்திறந்து பேசும் நாள்'. வெளியூரிலிருந்து பயிற்றுநர் ஒருவர் வருகிறார், ஒன்பது மணிக்கு எல்லாரும் கூடவேண்டும், சரிதானே என்று கேட்டார்.

"கைன் புறோப்ளேம்," என்றார் அல்பேர்ட். பிரச்சனையில்லையாம்! வாய் சொல்லி முடித்தபிறகுதான் மூளை கலண்டரைப் பார்த்தது. வாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பது வருடத்துக்கு முன் அகதி விடுதியில் அது பாடமாக்கிய முதல் ஜேர்மன் வசனம் அது. ஒரு அறைக்குள் எட்டுப் பேரா? கைன் புறோப்ளேம். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா? கைன் புறோப்ளேம். பிரச்சனை சொன்னவர்களுக்கு வெளியே போகச்சொல்லிக் கடிதம் வந்தது; சொல்லாதவர்களுக்கு வேலை வந்தது.

"அப்பா, நீங்கள் இன்னும் விடுதியிலயே இருக்கிறியள்? வாயைத் திறந்து கேளுங்கோ, விடுவினம்," என்று எர்லாங்கனில் எஞ்சினியராக இருக்கும் மகள் லவினியா போனில் வகுப்பெடுத்தாள். அவளுக்கென்ன, நிரந்தர வேலை.

கேட்கத்தான் போனார். மூன்று தரம் போனார். 'என் கதவு எப்போதும் திறந்திருக்கும்' என்று பலகை மாட்டிய அறை இரண்டு தரம் பூட்டியிருந்தது. மூன்றாம் தரம் தலைவி இருந்தார். "எல்லாம் நல்லாப் போகுதா, அல்பேர்ட்?" என்றார். வாய் முந்திக்கொண்டது.

கூட்டத்தால் செவ்வாய்க்கிழமை வேலை ஒன்பதுக்குத்தான்; பிளோறன்ஸைக் கூட்டிவந்து, காரை இல்லத்து வாசலில் நிறுத்தி அதற்குள்ளேயே இருத்தினார். "ஒன்பது மணிக்குச் சொல்லிப்போட்டு ஓடி வாறன்."

"சொல்லுவியள்?"

"ஓம் எண்டுறன்."

உள்ளே பதினொரு பேர் வட்டமாக இருந்தார்கள். பயிற்றுநர் ஒரு நூல்பந்தைத் தூக்கிக் காட்டினார். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் மனப்பாரத்தைச் சொல்லவேண்டுமாம். ஒருவர் மழையைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கோப்பி மெசினைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்கினார். ஒன்பது பத்துக்குப் பந்து அல்பேர்ட்டின் மடியில் விழுந்தது. அவர் வாயைத் திறந்தார்.

கதவும் திறந்தது. பிளோறன்ஸ் நின்றாள். மேலங்கி பொத்தான் பூட்டாமல், அவிழாத பின்னலோடு.

"என் கை வருத்தம். டொக்டர் ஒன்பதரை. இவர் என் மனிசன்," என்றாள், கடை ஜேர்மனில். வீங்கிய விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

வட்டம் முழுக்கக் கைதட்டல். பயிற்றுநர் நெஞ்சில் கைவைத்தார். இதுதான், இதுதான் மனந்திறத்தல் என்றார். பிளோறன்ஸுக்கு நாற்காலி போட்டார்கள்.

"என்னவாம்?"

"நீர் நல்லாச் சொன்னீராம்."

"அப்ப போகலாமே?"

"கொஞ்சம் பொறும். எல்லாருக்கும் கவலையாம்."

பிறாவ் ஹாகடோர்ன் எழுந்தார். அல்பேர்ட் தாராளமாகப் போகலாம், குடும்பந்தான் எங்களுக்கு முக்கியம் என்றார். ஆனால் இப்படி ஒரு தருணத்தைப் பாதியில் அறுக்கக்கூடாதாம். ஆளுக்கொரு வசனம் சொல்லி வட்டத்தை முடித்துவிடுவோமாம். அப்போது மணி ஒன்பது இருபது. பயிற்றுநர் அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கி, மௌனத்துக்கென்று அதில் இரண்டு நிமிடமும் சேர்த்தார்.

"இவையள் அழுறதை டொக்டரிட்டப் போய்ட்டு வந்து பாக்கேலாதோ?" என்று பிளோறன்ஸ் அல்பேர்ட்டின் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள்; விரல் மடங்கவில்லை. "எழும்புங்கோ அப்பா!"

அல்பேர்ட் அரைவாசி எழும்பினார். தலைவி அவரைப் பார்த்து ஈரக்கண்ணோடு சிரித்தார். சோதனைக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அல்பேர்ட் திரும்ப இருந்துவிட்டார்.

பதினொரு பேரும் பேசினார்கள். ஒருவருடைய பூனைக்கும் மூட்டுவாதமாம். மௌனத்தின்போது பிளோறன்ஸ் மட்டும் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தாள். கதைத்தது அல்பேர்ட்டின் பரம்பரையைப் பற்றி.

பத்து ஐந்துக்குக் காரில் ஏறியதும் அல்பேர்ட் டொக்டரின் இடத்துக்குப் போன் எடுத்தார். வராதவர்களின் ரெர்மீன் கால்மணி நேரத்தில் ரத்தாகும் என்றாள் அங்கிருந்த பெண்.

அடுத்தது மார்ச் பத்தொன்பது.