டுலூத் அரங்கத்தின் அறுபத்து நான்கு மரச்சில்லுகள்

கார்னெல் ப்ளெட்ஸோ எங்கள் டுலூத் அணியை விட்டு சான் டியாகோ அணியில் போய்ச் சேர்ந்த வருஷம், அந்த அணி எந்த ஊரில் ஆடினாலும் அங்கே கூடைப்பந்துத் தரை மூன்று விரற்கடை சரிந்தது. அதே வருஷம் எங்கள் ஊரில் முட்டை விலை ஏறியது. ஏரி ஏப்ரல் கடைசிவரை உறைந்தே கிடந்தது. சரிவு எப்போதும் சான் டியாகோ பந்து போட வேண்டிய கூடையை நோக்கியே இருக்கும். அவர்கள் இறக்கத்தில் ஓடுவார்கள், எதிரணி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது சரிவும் பக்கம் மாறிக்கொள்ளும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது ஒழுங்காக நடந்துகொண்டது.

இதன் முதல் அறிகுறி அட்லான்டாவில் ஒரு கல்யாண விருந்தில் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். நாட்டின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களில் மூன்று பேர் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்: எங்கள் கார்னெல், சான் டியாகோவின் டெமாரியஸ் ஃபான்ட்ராய், லித்துவேனியாவிலிருந்து வந்த நெட்டையன் பெட்ராஸ் வைட்குஸ். இறால் தட்டு வந்தபோது பேச்சு சும்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஐஸ்கிரீம் வருவதற்குள் மூவரும் ஒரே அணியில் ஆடுவதென்று முடிவாகிவிட்டது. அந்த நிமிஷத்தில் மேசையில் இருந்த குழம்பெல்லாம் அவர்கள் பக்கம் ஒதுங்கியது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கண்ணாடிக் குவளைகளைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மேசைக்கால் கோணல் என்று நினைத்து ஹோட்டல்காரரிடம் புகார் செய்தார்கள்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது. கார்னெல் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். லீக்கில் கடைசியாக வருகிற அணிக்குத்தான் புது ஆட்டக்காரர்களில் நல்லவனைப் பொறுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவனைப் பிடிக்க எங்கள் அணி ஒரு வருஷம் முழுக்க வேண்டுமென்றே தோற்றது. நன்றாக ஆடியவர்களை உட்கார வைத்தார்கள், ஆடத் தெரியாதவர்களை இறக்கினார்கள், நாங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கைதட்டினோம். அப்போது எங்களில் ஒருவருக்கும் வெட்கமாக இல்லை. அவன் போனபோதுதான் எங்களுக்கு நியாயம் ஞாபகம் வந்தது. அவனுடைய ஜெர்ஸிகளைக் கொண்டுபோய் அவன் அப்பா வீட்டு வாசலிலேயே கொளுத்தினோம். மறுநாள் காலை அந்தச் சாம்பலை அவர் மௌனமாக வாரிக்கொண்டிருந்ததை நாங்கள் காரில் போகும்போது பார்த்தோம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம்.

அவன் அப்பா வெண்டெல் ப்ளெட்ஸோ எங்கள் அரங்கத்தின் தரை மேஸ்திரி. அரங்கத்தின் அடியில் இருப்பது ஐஸ் ஹாக்கித் தளம். கூடைப்பந்து ஆட்டம் வந்தால் அந்த ஐஸ் மேல் தடுப்புப் பலகை விரித்து, அதன் மேல் மேப்பிள் மரத் தளத்தைத் துண்டு துண்டாகப் பூட்ட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கழற்ற வேண்டும். இருபத்தாறு வருஷமாக எட்டு ஆட்களை வைத்து அதைச் செய்தவர் அவர். மனைவி போன பிறகு கார்னெலைத் தனியாக வளர்த்தவரும் அவரே. அவர் பூட்டிய தரையில் நடு வட்டத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தால் அது அங்கேயே இருக்கும். ரசமட்டத்தைவிட அவர் அந்தப் பழத்தைத்தான் நம்பினார்.

சரிவைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால் லீக்கிலிருந்து ஒரு குழு வந்து பதினோரு ஊர்களில் ரசமட்டம் வைத்துப் பார்த்தது. எல்லா இடத்திலும் குமிழி நடுவில் நின்றது. பக்கத்திலேயே பந்து உருண்டு போய்க்கொண்டிருந்தது. தரையில் குறையில்லை என்று குழு எழுதிக் கொடுத்தது. சான் டியாகோ முதல் வருஷம் கோப்பை வாங்கியது, இரண்டாம் வருஷமும் வாங்கியது. சின்ன ஊர்களில் மூன்றாம் கால் பகுதியிலேயே ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். சில ஊர்களில் ஆட்டத்துக்கு முதல் நாளே தோற்ற ஆட்டத்துக்கான தலைப்பைப் பத்திரிகைகள் அச்சுக்கோத்து வைத்தன, ஒரு நாளும் அதை மாற்ற வேண்டி வரவில்லை. மற்ற ஊர்ப் பெரிய ஆட்டக்காரர்களும் இதைப் பார்த்துவிட்டு இரண்டிரண்டு பேராக, மூன்று மூன்று பேராக விருந்து மேசைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

கார்னெலுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாம் வருஷம் அவன் வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்த்தான். பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு உள்ளேதான் விழுந்தது. எதிரணிக்காரன் கையிலேயே பந்தைக் கொடுத்தும் பார்த்தான். அது அவன் கையிலிருந்து நழுவி இறக்கத்தில் உருண்டு வைட்குஸிடம் போனது. கோப்பைக்காகக் கொடுத்த மோதிரத்தை இரவு எங்கே கழற்றி வைத்தாலும் காலையில் அது உருண்டு வந்து அவன் தலையணை ஓரத்தில் இருந்தது. அவன் வெட்கப்பட்டான். அதில் பாதிக்கு மேல் ஓடெல் டன்ஸ்டலை நினைத்து.

ஓடெல் எங்கள் அணியில் பன்னிரண்டு வருஷம் ஆடியவன், முட்டிகள் இரண்டும் போனவன், ஒரு முறைகூட இறுதிப் போட்டியை எட்டிப் பார்க்காதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ளெட்ஸோ வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அந்த மேசையில் வைத்துத்தான் கார்னெல் அவனிடம், "உன் விரல்ல மோதிரம் ஏறாம நான் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்டா" என்று சொன்னான். வெண்டெல் அதைக் கேட்டுக்கொண்டு மீன் பரிமாறினார். மகன் போன பிறகும் ஓடெல் ஞாயிறுதோறும் வந்தான், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அது வெண்டெலை அறுத்தது. மகன் ஃபோன் செய்தால் அவர் எடுக்கவில்லை. மூன்று வருஷம் அப்படியே போனது.

மூன்றாம் வருஷம் மார்ச்சில் சான் டியாகோ எங்கள் ஊருக்கு வர இருந்தது. அந்த சீசனோடு ஓய்வு என்று ஓடெல் சொல்லிவிட்டான். கார்னெலை எதிர்த்து அவன் ஆடப்போகிற கடைசி ஆட்டம் அது. வெண்டெல் தன் ஆட்களைக் கூப்பிட்டு, ஜெயிக்க வைப்பது நம் வேலையில்லை, தரையைச் சமமாக வைப்பதுதான் நம் வேலை, அந்த ஒரு நாளாவது ஓடெலுக்குச் சமமான தரை கிடைக்க வேண்டும் என்றார். தேவதாரு மரத்தில் அறுபத்து நான்கு சில்லுகள் சீவினார். வருகிற அணிகள் முதல் பாதியில் பந்து போட ஏரிப் பக்கக் கூடையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே தளத்தின் ஏரிப் பக்கத்துக்கு அடியில் சில்லுகளைக் கொடுத்து மூன்று விரற்கடை தூக்குவது. இடைவேளையில் பக்கம் மாறும்போது, அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள், கொக்கியால் எல்லாவற்றையும் உருவி எதிரே மலைப் பக்கத்துக்கு அடியில் மாற்றுவது. எதை முதலில் உருவுவது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், தப்பாக உருவினால் பூட்டு விட்டுவிடும். இரண்டு ஞாயிறு ஒத்திகை பார்த்தார்கள். ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது.

"இது திருட்டுத்தனம் இல்லையா வெண்டெல்?" என்று கேட்டான் ரெய்னோ. எட்டு ஆட்களில் மூத்தவன், பின்லாந்து வம்சம், எதையும் ஒரு முறைதான் கேட்பான்.

"ஆமா. திருட்டுத்தனம்தான்."

"சரி. கொக்கியை எங்க வச்சீங்க?"

அன்று முதல் பாதியில் தரை சமமாக இருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வருஷமாக மறந்துபோன ஒரு சத்தம் அரங்கத்தில் கேட்டது: என்ன ஆகுமோ என்று பதினெட்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்கிற சத்தம். ஃபான்ட்ராய் தடுமாறி விழுந்தான். வைட்குஸ் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது, அவன் வளையத்தையே முறைத்துப் பார்த்தான். ஓடெல் அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு பதினாறு பாயிண்ட் போட்டான். இடைவேளை மணி அடித்தபோது ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு. எங்களில் பலர் அழுதோம். சிலர் ஜெர்ஸி கொளுத்தியவர்கள்.

எட்டு ஆட்களும் கொக்கிகளோடு சுரங்கப் பாதை வாயில் தயாராக நின்றார்கள். வெண்டெல் விசில் கொடுத்தால் இறங்க வேண்டியதுதான். அப்போது கார்னெல் உடை மாற்றும் அறைக்குப் போகாமல் நேரே அவரிடம் வந்தான். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, முகம் மட்டும் பத்து வயது குறைந்திருந்தது.

"அப்பா, தரை சமமா இருக்கு."

"இருக்கு."

"நீங்கதானே?"

வெண்டெல் விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"முட்டி வலிக்குதுப்பா. மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வலிக்குது. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா!"

"ஐஸ் வை."

"வீட்டு வாசல்ல பனி யாரு அள்றா?"

"நான்தான்."

"மெஷின் வாங்கி அனுப்பினேனே?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

"தெரியும். கடைக்காரன் சொன்னான்."

"வெண்டெல், பத்து நிமிஷம்தான்!" என்று ரெய்னோ கத்தினான். வெண்டெல் திரும்பாமல் கையை உயர்த்திக் காட்டினார். ஒரு நிமிஷம் பொறு என்று அதற்கு அர்த்தம்.

"எனக்கு வெக்கமா இருக்குப்பா."

"எதுக்கு?"

"ஜெயிக்கறதுக்கு."

அதற்கு வெண்டெல் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் மகனின் கழுத்தைப் பிடித்துத் தன் தோள்மேல் சாய்த்துக்கொண்டதை மட்டும் பார்த்தோம். ரெய்னோ ஏழு நிமிஷம் என்று கத்தினான், பிறகு நான்கு என்றான், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். பிறகு அவர்கள் இந்த வருஷத்துப் பனியைப் பற்றியும், கூரை ஓரத்தில் தொங்குகிற ஐஸைத் தட்டிவிட நீளமான கம்பு வேண்டும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்களாம். மணி அடித்தது. கார்னெல் ஓடினான். வெண்டெல் திரும்பி, வரிசையாக நின்ற எட்டுக் கொக்கிகளையும் பார்த்தார், அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டாம் பாதியில் சரிவு மலைப் பக்கம் மாறியது. ஏரிப் பக்கம் சில்லுகள் தூக்கியபடியே இருந்தன. மூன்றும் மூன்றும் ஆறு விரற்கடை. தண்ணீர்க் குப்பிகள் எல்லாம் மலைப் பக்கம் உருண்டு குவிந்தன. ஒரு நடுவர் நிற்க முடியாமல் கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே ஊதினார். எங்கள் ஆட்கள் ஏரிப் பக்கம் ஏறினார்கள், வழுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள். கார்னெலுக்கு விஷயம் புரிந்தது. கடைசிக் கால் பகுதி முழுக்க அவன் நடுக்கோட்டைத் தாண்டாமல், ஏரிப் பக்கக் கூடைக்கு அடியில் தனியாக நின்றான். தன் எடையில் தரை அந்தப் பக்கம் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்தானோ என்னவோ. முதலில் நாங்கள் சிரித்தோம், பிறகு சிரிப்பு வரவில்லை. ஓடெல் அந்தப் பாதியில் ஒரே ஒரு கூடை போட்டான். அதற்கு அவன் நான்கு முறை கை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. அறுபத்தொரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஓடெல் முட்டிகளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு தரை ஆட்களின் அறைக்கு வந்தான். வெண்டெல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரால் நிமிர முடியவில்லை.

"பதினஞ்சு நிமிஷமும் பேசினீங்களாமே?"

"பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"பனி அள்றதைப் பத்தி."

"அறுபத்தொரு பாயிண்ட்டுக்குப் பனியா!" என்று ஓடெல் சொன்னான். சிரிக்கத்தான் பார்த்தான், பாதியில் குரல் உடைந்தது. பிறகு ஐஸ் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சில்லுகளை லீக் கண்டுபிடித்தது. தண்டிக்க வேண்டுமென்றால் சரிவு இருந்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் கண்டுபிடித்த இடத்திலேயே அவற்றைத் திரும்ப வைத்துவிட்டது. வெண்டெல் தானாகவே வேலையை விட்டார். எங்கள் ஊரில் அவரை ஒரு வார்த்தை சொன்னவர்கள் இல்லை. சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை? மளிகைக் கடையில் அவர் எதிரே வந்தால் நாங்கள் முட்டைப் பெட்டியைத் திறந்து உடைந்திருக்கிறதா என்று பார்ப்போம், அவரும் பார்ப்பார். யாரோ ஒருவர் இரவோடிரவாக அவர் வீட்டு வாசல் பனியை அள்ளிவிட்டுப் போனார். மறுநாள் வேறொருவர். அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவர் அள்ள வேண்டி வரவில்லை.

சான் டியாகோ அந்த வருஷமும் கோப்பை வாங்கியது. நாளாவட்டத்தில் எல்லா ஊரிலும் நடுவர்கள் ஆட்டத்துக்கு முன் பந்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள், விதிப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி சேர்ந்தது. ஜூலையில் கார்னெல் ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓடெலும் வந்தான். வெண்டெல் ஏரி மீனைப் பொரித்து, காட்டரிசிச் சூப் வைத்தார். கார்னெல் உட்கார்ந்ததும் மேசை அவன் பக்கம் சரிந்தது, சூப்பெல்லாம் கிண்ணத்தின் ஒரு ஓரத்துக்கு வந்தது. வெண்டெல் அலமாரியிலிருந்து ஒரு மரச்சில்லை எடுத்து, குனிந்து, மகன் பக்கத்து மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தார். ஓடெல் நடுவில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துப் பார்த்தான். நின்றது.

ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று ஓடெல் முகம் சுளித்தபோது கார்னெல் எழுந்து அவனோடு இடம் மாற்றிக்கொண்டான். வெண்டெல் அப்போது கூரை ஓடுகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பழம் நகர்வதற்குள் மண்டியிட்டு, சில்லை உருவி எதிர்ப்பக்கம் மாற்றினார்.

"இந்த வேகம் அன்னைக்கு எங்க போச்சு?" என்றான் ஓடெல்.

வெண்டெல் மேசைக்கு அடியிலிருந்து உடனே எழவில்லை. கார்னெல் கையை நீட்டினான், அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு மூவரும் சாப்பிட்டார்கள்.