கூடத்தில் கேட்ட கேள்வி

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. 2009இல் சாயல்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக ஒவ்வொரு வீட்டாராக வரவழைத்துப் பெயர், வயது, கைரேகையைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். கடைசிக் கேள்வி, வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்பது. பஞ்சாயத்துக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்பேன். அதுவரை வந்த அறுபது வீட்டாரும் இல்லை என்றார்கள். நம்பினேன். (நம்புவது வசதியாக இருந்தது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கணினியைக் கண்டு மிரண்ட முருகம்மாள் முந்தானையை இழுத்து…’

அடித்துவிட்டேன். அவர் மிரளவில்லை. மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போகிறவர். கட்டைவிரலைத் தானே அழுத்திவிட்டு, ரேகை சரியாக விழுந்ததா என்று எட்டியும் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் நின்றது வீரலட்சுமி. அந்த அம்மாள் மகனுக்குத்தான் முருகம்மாளின் மகளைப் பேசி முடித்திருந்தார்கள். அது தெரியாமல் நான் வழக்கம்போல உரக்கக் கேட்டேன். முருகம்மாள் சொன்னார்:

“இருக்கா இல்லையான்னு ஒங்கிட்டச் சொல்றேன் தம்பி. பொட்டியிலயும் ஏத்திக்க. இங்கன நிக்கிறவுகளுக்கு எதுக்குச் சொல்லணும்?”

3

(இங்கே ஒரு சண்டை வைத்துப் பார்த்தேன். ‘அப்படி என்னத்த மறைக்கிற’ என்று வீரலட்சுமி— வேண்டாம். அப்படி நடக்கவில்லை.)

நேரமில்லை, ‘இல்லை’ என்றே போட்டுவிடவா என்றேன். முருகம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

“நாளைக்கு ஆசுபத்திரியில, அன்னைக்கு இல்லைன்னியேன்னு கேட்டா நீயா வந்து நிப்ப?”

முதலில் வெளியேறியவர் வீரலட்சுமி. போகும்போது, தன்னையும் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே கூடம் காலியானது. முருகம்மாள் மெதுவாகச் சொன்னார், பதிந்தேன். அடுத்து வந்த வீரலட்சுமி கதவைத் தானே சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாள் வேலை ஐந்து நாளானது. அந்த அறுபது வீட்டாரையும் திரும்பக் கூப்பிட்டேன். மேலதிகாரி போனில் திட்டினார். இருபத்து மூன்று வீடுகளின் ‘இல்லை’ மாறியது.

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் கல்யாணம் நிற்கிறது, மற்றதில் நடக்கிறது. உண்மையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் நானும் சாப்பிட்டேன்.

அன்று கூடத்தில் முருகம்மாள் மெதுவாக என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அதையும் ஒரு பத்தியாக எழுதினேன். நன்றாகவே வந்தது, எடுத்துவிட்டேன். வேண்டுமானால் நீங்களே ஒன்றை எழுதிப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆளைத் தேடிப் போக முடியாது. முருகம்மாள் என்பது அவர் பெயர் இல்லை.