பட்டியலில் இல்லாத தம்பி

சபையில் அவருக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். வாரம் ஆறு நாள் ரயிலில் டிக்கெட் கேட்கிற மனுஷன், ஏழாம் நாள் மட்டும் சும்மா இருப்பாரா? ஞாயிறு ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுக்கிறவர்கள் சனிக்கிழமைக்குள் மூப்பரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஒரு பழைய விதி. போதகரே அதை மறந்துவிட்டார். மூப்பரான இவர் மறக்கவில்லை.

போன ஞாயிறு, பன்னிரண்டு வருஷமாகக் கோயிலுக்குள் கால் வைக்காத இவர் தம்பி வந்தான். வெல்டிங் பட்டறைக்காரன், குடித்துச் சீரழிந்து ஒருவழியாகத் தெளிந்தவன். கடைசி ஆளாகப் போய் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டான். இவர் பட்டியலைப் பார்த்தார். பெயர் இல்லை. குனிந்து தோளைத் தொட்டு, “நீ பேர் குடுக்கல. எந்திரி,” என்றார். தம்பி எழுந்து, அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்தான்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. விதிப்படி ஒரு தப்பும் இல்லை என்று மனைவியிடம் மூன்று தரம் சொன்னார்.

“நான் ஒண்ணும் கேக்கலையே,” என்றாள் அவள்.

அதுதான் சுட்டது. வேற்றாளாக இருந்தால் போதகரை ஒரு வார்த்தை கேட்டிருப்பார். சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினார் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே என்றுதான் எழுப்பினார். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

புதன்கிழமை பட்டறைக்குப் போனார். தம்பி முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“தப்புப் பண்ணிட்டேன்டா. மூப்பர் பொறுப்ப விட்டுடுறேன். ஆறு மாசத்துக்கு நானும் திருவிருந்து எடுக்க மாட்டேன்.”

தம்பி சிரித்தான். “அபராதத்தையும் நீயே போட்டுக்கிட்டியாண்ணே? அதெல்லாம் வேணாம். அன்னைக்குப் படி இறங்கும்போதே மன்னிச்சுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ரெண்டு அறை விட்டிருந்தால் இன்னும் நிம்மதி. சும்மா கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“அப்ப இந்த ஞாயிறு வருவியா?”

தம்பி கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னான்: “உன்மேல கோவம் இல்லண்ணே. ஆனா மூணு வாரம் எதிர்க்க மரத்தடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். நாலாவது வாரம்தான் உள்ள வந்தேன். இன்னொரு தடவ அவ்வளவு தைரியத்துக்கு எங்க போறது?”

அந்த மூன்று வாரமும் கோயில் வாசலில் நின்றவர் இவர்தான். ஒரு கை அசைத்திருந்தால் போதும். வரவேண்டியவன் தானாக வரட்டும் என்று இருந்துவிட்டார்.

“நான் உன்னைப் பாத்தேன்டா,” என்றார்.

“தெரியும்ணே. அதையும் சேத்துத்தான் மன்னிச்சேன்.”