ஏழாம் நிலவுக் கன்று

சித்திரை பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், பிள்ளையார்பாளையத்து நெசவாளி சிவபாலனின் மனைவி மஹாலட்சுமியின் மடியில் ஆறு கால் கன்று ஒன்று வந்து படுத்துக்கொண்டது. ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தது. ரோமம் நீலம். தொட்டால் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி குளிர்ந்தது. எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வந்தது. அந்த வீட்டில் அதற்காக வயிறெரிந்த ஒரே ஆள் சிவபாலன்தான்.

எரியாமல் என்ன செய்யும்? புத்தகம் அவனுடையது. அட்டையில் விண்கலமோ, மந்திரவாதியோ, பேசும் மலையோ இருந்தால் விலை கேட்காமல் வாங்குகிறவன் அவன். அப்படிச் சேர்த்த அலமாரியில் முதல் இடம் 'ஏழாம் நிலவு' என்ற இந்தப் புத்தகத்துக்கு. பனி மூடிய நிலவொன்றில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனுக்கு ஒரு குளிர்க்கன்று துணையிருக்கும். கடைசி அத்தியாயத்தில் அவன் உள்ளங்கையை ஒரே ஒரு முறை நக்கிவிட்டுத் தன் மந்தைக்குத் திரும்பிப் போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில் வாங்கியது முதல் வருஷா வருஷம் படித்து, அந்த ஒரு நக்குக்காக வருஷா வருஷம் அழுதிருக்கிறான். பட்டுச் சேலையைப் போல வெள்ளை வேட்டியில் சுற்றி, வசம்பு போட்டு வைத்திருந்தான். மஹாலட்சுமியோ அதுவரை ராசிபலனைத் தாண்டி எதையும் படித்தவள் இல்லை. நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான் என்று அவன் பொருமினான்.

தெரு இரண்டு நாள் கூடி நின்று பார்த்தது, போனில் படம் பிடித்தது. பிறகு வாலாஜாபாத்தில் ஒரு பூசணிக்காய் பேசுகிறது என்று கேள்விப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. கத்திரி வெயில் ஏறியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் பால் பாக்கெட்டையும் மல்லிகைப் பூவையும் கெடாமல் வாடாமல் இருக்கக் கன்றின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எதிர்வீட்டுத் தில்லையம்மாளுக்கு மட்டும் ஒரு குறை. "இன்னாமா லட்சுமி, உன் கன்னுகிட்ட ரெண்டு நாளா வெச்சிருக்கேன், இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குதே" என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சிவபாலன் என்னென்னவோ செய்து பார்த்தான். அதே மூன்றாம் அத்தியாயத்தை உரக்கப் படித்தான், ஒன்றும் வரவில்லை. வீரன் கன்றைக் கூப்பிடும் பெயரைச் சொல்லி, குழைந்து, கெஞ்சிக் கூப்பிட்டான். சுவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு, அது மஹாலட்சுமியின் பின்னால் அடுப்படிக்குப் போனது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். சேலை உடலுக்கு ஊடுநூல் நாடா விடுவது அவன். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா விடுவது அவள். கன்று அவள் பக்கமாகவே படுத்தது. அவன் கண் அங்கேயே இருந்ததில் புட்டாப் பூ இரண்டு இடத்தில் தப்பி, சேலை வாங்கும் கடைக்காரர் முகம் சுளித்தார்.

அவளோ தினம் கொஞ்சமாகப் படித்துக் கடைசி அத்தியாயத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்த நக்கு அவள் கைக்குப் போகப்போகிறது. அதை நினைத்தாலே சிவபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், ஜரிகை வெட்டும் பிளேடால் கடைசி அத்தியாயத்தை மட்டும் அறுத்தெடுத்து, பாலிதீன் பையில் சுருட்டி, கால் வைத்து உட்காரும் தறிக்குழிக்குள் செருகினான். உயிரைப் போலக் காத்த புத்தகத்தைத் தன் கையாலேயே அறுத்தான். பொறாமை அந்த அளவுக்கு முற்றிப்போயிருந்தது.

அவள் மிச்சத்தைப் படித்து முடித்தாள், புத்தகத்தை மூடினாள், ஒன்றும் கேட்கவில்லை. கன்று யார் கையையும் நக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழி தறிக்குழியில் கிடந்ததால் போகவும் இல்லை. ஆடி போய் ஐப்பசி வந்தது. அடைமழையில் வீடே விறைத்தது; கம்பளி போர்த்திக்கொண்டு நெய்தார்கள். பாவு நூல் ஈரம் கோத்து அறுந்தபடி இருந்த ஒரு காலையில் சிவபாலனுக்கு மனசு தாங்கவில்லை. குழியிலிருந்து பையை எடுத்து அவள் முன் வைத்தான்.

"நான்தான் அறுத்தேன், லட்சுமி. படிச்சுடு. பாவம், அது ஊட்டுக்குப் போவட்டும்."

மஹாலட்சுமி பையைத் தொடவில்லை. "ஆனியிலயே பார்த்துட்டேன். நானும் இந்தக் குழியிலதானே கால வெச்சிக்கினு உக்காந்திருக்கேன்?"

"அப்ப ஏன் படிக்கல?"

"படிச்சா அது பூடும். நீங்கதானே நாடா விட்டுக்கினே நூறு வாட்டி சொல்லியிருக்கீங்க?" அவள் குரல் சட்டென்று ஏறியது. "கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல, அந்த புக்கைப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு நாள் பார்த்திருக்கீங்களா? அப்படி இன்னாதான் இருக்குதுன்னு வயித்தெரிச்சல்லதான் எடுத்தேன். இது வந்து படுத்துச்சு. அன்னியிலேர்ந்து நீங்க என் பக்கமே பார்த்துக்கினு இருக்கீங்க. இதை அனுப்பிட்டு நான் இன்னா பண்றது?"

தன் வயிற்றெரிச்சல்தான் பெரிது என்று அத்தனை மாதம் நினைத்திருந்த சிவபாலன், அதற்கு மூத்தது ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்து கரைக்கு நாடா விட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்டான். கன்று மெல்லக் கொட்டாவி விட்டது. அவன் பையைப் பழையபடி சுருட்டி, அவள் பார்க்கவே குழிக்குள் செருகினான்.

அதற்குப் பிறகு நான்கு சித்திரை வந்து போய்விட்டது. கன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெயில் காலத்தில் தெருவே பால் பாத்திரத்தோடு வருகிறது. மாவு மட்டும் யாரும் கொண்டுவருவதில்லை. காலையில் தறியில் இறங்குமுன் சிவபாலன் அதன் முன் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவான். அது ஒரு நாளும் நக்கியதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மஹாலட்சுமி அந்தக் கையில் காபி டம்ளரை வைப்பாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்ப்பான்.