அணைக்குள் ஒரு காதணி விழா பேனர்

வைகை ஆற்றின் குன்னூர் பாலத்துக்குக் கீழே மிதவைப் பலகையைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன், விஜயபாண்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கரையில் வைத்துச் சூடம் ஏற்றினான். ஆற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சின்னமனூர்ப் பக்கம் வாழை போட்டிருப்பவன் அவன். தோட்டத்துக்கும், வீட்டு அடுப்புக்கும், மகள் அனுஷ்காவின் காதில் கிடக்கும் தோட்டுக்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும் நாளில் ஊருக்கு முன்னால் மாலையோடு நிற்கிற ஆள்.

பூசை முடியட்டும் என்று சிரித்துக்கொண்டே காத்திருந்தான் திலீபன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவன்தான் காற்றடித்து மிதக்கவிடும் பலகைகளைக் கொண்டுவந்திருந்தான். விஜயபாண்டியின் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. போன வருஷம் அனுஷ்காவைத் தாய்மாமனாக மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவனும் திலீபன்தான். கூட வந்த ஹேமாவதி பெரியகுளத்தில் டீச்சர். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பலகைமேல் நின்று துடுப்புப் போட்டு, ஆறு அணைக்குள் விரிகிற சதுப்பு வழியாகப் போய், இரவு கரையில் கூடாரமடித்து, மறுநாள் வைகை அணைக்கருகே கரையேறுவதாகத் திட்டம். அனுமதியெல்லாம் முறையாக வாங்கியிருந்தார்கள்.

முதல் நாள் முழுக்க விஜயபாண்டி வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தான். சம்பங்கோரைக்குள்ளிருந்து நாமக்கோழிகள் ஓடின. பட்டுப்போன கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்தன. தன் வாழையை நனைத்துவிட்டு வந்த தண்ணீர் இத்தனை உயிர்களையும் வளர்க்கிறதே என்று அவனுக்குக் கண் கலங்கியது. கூட்டிவந்த நண்பனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

மறுநாள் காற்று ஏறியபோதுதான் அது நடந்தது. திலீபனின் பலகை எதிலோ சிக்கிச் சட்டென்று நின்றது. அவன் தலைகுப்புற விழுந்தான். காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு அடியில் கிடந்த எதையோ சுற்றிக்கொண்டு அவனைக் கீழே இழுத்தது. மிதவை அங்கி போட்டிருந்தும் தலை முங்கி முங்கி எழுந்தது. ஹேமாவதி பாய்ந்துபோய் அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள். விஜயபாண்டி கத்தியோடு உள்ளே முங்கினான். நைலான் கயிறும் பிளாஸ்டிக்கும் கருவேல முள்ளும் பின்னிக் கிடந்தன. கைக்கு வந்ததையெல்லாம் அறுத்தான். அடியிலிருந்து கால் விடுபட்டது, சுற்றியிருந்த மூட்டையும் கூடவே வந்தது.

கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கிய திலீபன், விஜயபாண்டியின் கையை விடவே இல்லை.

"நீ மட்டும் இல்லன்னா இன்னிக்கு நான் இல்லடா. இந்தக் கடன எப்படித் தீக்கப் போறேன்."

விஜயபாண்டி காலோடு வந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழைத்தாருக்கு மாட்டும் நீல உறைகள், முட்டுக்கொடுத்த கயிறுகள். இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அவற்றைச் சுற்றியிருந்தது ஒரு பிளெக்ஸ் பேனர். காலால் ஒரு தள்ளு தள்ளினால் மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது. கால் நகரத்தான் பார்த்தது. நண்பனின் பிடி இன்னும் கையில் இருந்தது.

குனிந்து பேனரை விரித்தான். 'காதணி விழா காணும் செல்வி அனுஷ்கா' என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது. அதன் கீழே, 'வாழ்த்தும் அன்பு மாமா' என்று கறுப்புக் கண்ணாடி போட்டுப் படத்தில் சிரித்தான் திலீபன். ஆசை ஆசையாக அவன் அடித்துத் தந்த பேனர்.

"தாரு வெட்டி முடிச்சு, கவரு கயிறெல்லாம் இதுல சுத்தித்தான் வெள்ளத்துல தள்ளுனேன். எல்லாரும் ஆத்துலதான் போடுறாக. ஆறு கொண்டுபோயிரும்னு நெனச்சேன்," என்றான்.

எங்கே கொண்டுபோகும் என்று அவனும் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை.

திலீபன் பேனரில் இருந்த தன் முகத்தைப் பார்த்தான். "என் மூஞ்சியே என்னய முக்கப் பாத்திருக்கு," என்று சிரிக்க முயன்றான். ஆனால் பிடித்த கையை விடவில்லை. ஹேமாவதிதான் மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து ஆத்தக் கும்பிட்டது எந்தக் கை பாண்டி? இதத் தள்ளுனது எந்தக் கை?"

"ஒரே கைதான்," என்றான் விஜயபாண்டி. அழுகை வந்தது, மறைக்கவில்லை. "சூடம் காட்டுனா நன்றி ஆயிராது ஹேமா. சோறு போடுற தண்ணியில நம்ம குப்பையப் போடாம இருக்கணும், அதுதான் மொதக் கும்பிடு. இந்தக் கை இனிமே போடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரகளயும் போட விடமாட்டேன்."

மீதித் தூரம் முழுக்க அந்த மூட்டை அவன் பலகையின் முன்னால் உட்கார்ந்து வந்தது. வழியில் கோரைக்குள் மிதந்த நீல உறைகளும் அதில் சேர்ந்தன. மற்ற இருவரும் பொறுக்கிப் பொறுக்கித் தந்தார்கள். அணைக்கருகே கரையேறியபோது விஜயபாண்டி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவில்லை. மூட்டையைத் தூக்கியிருந்ததால் கை இரண்டும் நிறைந்திருந்தன.