சினை பார்த்த கை

தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிய கை பசுவுக்குள் இருந்தபோதுதான் அது நடந்தது. உள்ளங்கைக்குக் கீழே உருண்டு தளும்பியதை மூன்று மாதச் சினை என்று முடிவுகட்டி அவள் வாயைத் திறக்கப் போனாள். பசு வாலைத் தூக்கிச் சிறுநீர் கழித்தது. உள்ளே அந்த உருண்டை மெல்லச் சுருங்கிக் காணாமல் போனது.

“என்ன மேடம், கன்னுக்குட்டி ஓடிப்போச்சா?” என்றார் கம்பவுண்டர். மாட்டுக்காரரும் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். நிரம்பிய சிறுநீர்ப்பையைச் சினையென்று நினைத்துவிடாதே என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அதன் கீழே அவள் கோடுகூடப் போட்டிருந்தாள். குழாயடியில் கை கழுவும்போது, பத்து நாள் முன்னால் வந்த வெள்ளைப் பசு நினைவுக்கு வந்தது. அதை மாடு கட்டும் கம்பிச் சட்டத்துக்குள் ஏற்றியதுமே கையை விட்டுவிட்டாள். சிறுநீர் கழிக்க விடவில்லை.

இந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. வருகிறவர்கள் வாசலில் நின்று, அவள் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, “டாக்டர் இல்லீங்களா?” என்று கேட்பார்கள். வெள்ளைப் பசுவின் சொந்தக்காரி மட்டும் அப்படிக் கேட்கவில்லை. நேராக வந்து, “டாக்டரம்மா, உங்க கையாலயாவது நல்ல சேதி வரட்டும்” என்றாள். அவள் கணவன் தொலைதூரத்தில் வேலை பார்க்கிறான். வீட்டில் இரண்டு மாடு கறந்தால் திரும்பி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். வெள்ளைப் பசுவுக்கு இரண்டு முறை போட்ட சினை ஊசி நிற்கவில்லை. இது மூன்றாவது. இதுவும் நிற்காவிட்டால் மாட்டைத் தரகரிடம் தள்ளிவிட வேண்டியதுதான்.

“சினைதான்” என்று சொன்னதும் அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கணவனைக் கூப்பிட்டாள். “நின்னுடுச்சுங்க. நெஜமாத்தான். டாக்டரம்மா கைய விட்டே பாத்துட்டாங்க.” ஊருக்கே கேட்கும்படி பேசியவளின் குரல் சட்டென்று தணிந்தது. “அப்ப வந்துடுவீங்கல்ல?”

தணிந்த அந்தக் குரலை, பூட்டிய அறைக்குத் திரும்பும் ஒவ்வொரு மாலையும் அவள் நினைத்துக்கொள்வாள். இந்த ஊரில் தனக்கென்று சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று தோன்றும்.

வெள்ளைப் பசு விஷயத்தைச் சொன்னபோது கம்பவுண்டர் பதறவில்லை. “விட்டுடுங்க மேடம். இல்லன்னா நாலு மாசம் கழிச்சுக் கலைஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அப்ப பழி மாட்டு மேல. இப்பப் போனீங்கன்னா உங்க மேல.”

மறுநாள் காலை அவள் ஸ்கூட்டரில் போனாள். கொட்டகையில் புதிதாக ஒரு முளை அடித்திருந்தது. கன்றுக்கு என்றாள் அந்தப் பெண். “அவரு வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு டாக்டரம்மா. அடுத்த மாசம் கிளம்புறாரு.”

“இன்னொரு தடவை பாத்துடறேன். முதல்ல அது ஒன்னுக்குப் போகட்டும்.”

“அதுக்கெல்லாமா டாக்டருங்க காத்திருப்பாங்க?”

“அன்னைக்கே காத்திருந்திருக்கணும்.”

அந்தப் பெண் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. காத்திருந்த கால்மணி நேரமும் கணவனைப் பற்றியே பேசினாள். “எட்டு வருஷமா போன்லயே குடித்தனம். நேர்ல வந்து உக்காந்தா என்ன பேசுறதுன்னே தெரியாது. தினமும் ராத்திரி சாப்பிட்டாச்சான்னு கேப்பாரு. இனிமே பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே அதைக் கேப்பாரோ என்னவோ.” சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பசு கால்களை அகட்டிச் சிறுநீர் கழித்தது.

அவள் உறையை மாட்டிக் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கருப்பை ஒரு பிடிக்குள் அடங்கியது. அதன் இரு கொம்புகளும் விரல் பருமனில், ஒன்றுபோலவே இருந்தன. சினையென்றால் ஒன்று பருத்திருக்க வேண்டும். வலது பக்கம் தடவினாள். இடது பக்கம். மறுபடியும் வலது. எங்கேயாவது ஒரு சின்ன வீக்கம், ஒரு தளும்பல் தட்டுப்படாதா என்று விரல்நுனிகள் தேடின. சொல்வதற்கு இனி ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கையை எடுத்ததும் அதைச் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான அந்த இருட்டுக்குள் கை அப்படியே இருந்தது.

“எவ்ளோ பெருசு இருக்கு டாக்டரம்மா?”

கண்ணைத் திறந்தாள். பசுவின் தலைமாட்டில் நின்றிருந்த அந்தப் பெண், கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டியிருந்தாள். “இவ்ளோ இருக்குமா?” என்று கேட்டு, கைகளை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தாள்.